முன் அனுபவம்

பீன்யாவில் மினி லாரி கம்பெனி ஒன்றில்
பர்சனல் பிரிவு டைப்பிஸ்ட் நான்.
எண்பத்து நாலு, ஜூலை.
தகரக் கூரையில் மழை கொட்டினால்
தட்டச்சுச் சத்தம் எனக்கே கேட்காது.
இசோமுராவின் விசா நீட்டிப்புப் படிவத்தில்
பதினோராவது கேள்வி: முன் அனுபவம்.
அதற்கு விட்டிருந்த இடம்
சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு புள்ளிக்கோடு.

அவருக்கு அறுபத்தாறு வயது.
ஆங்கிலம் அவருக்கும் அரைகுறை, எனக்கும் அரைகுறை.
அதனால் நன்றாகவே பேசிக்கொண்டோம்.

"முப்பத்தொன்பதிலிருந்து நாற்பத்தைந்து. எஞ்சின்."
என்ன எஞ்சின்?
மேஜைத் தூசியில் விரலால்
ஒரு சூரியகாந்தி வரைந்தார்.
ஒன்பது இதழ், அதன் முதுகில் இன்னும் ஒன்பது.
பதினெட்டு சிலிண்டர்.
"ஓ, போர் விமானம்" என்றேன்.
"இல்லை. விமானம் வேறு பிரிவு."
இதை எத்தனை பேரிடம்
எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று
வரியை அடித்து முடித்த பிறகுதான் தோன்றியது.

பிறகு?
"இரண்டு வருடம் குண்டான்."
குண்டானா?
இறக்கைக்கு வைத்திருந்த அலுமினியத் தகட்டில்
சோறு பொங்கும் குண்டான்.
மூடியை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்குப் பொருத்தினாராம்.
ஆவி போக வழியில்லை.
வாங்கினவர்கள் சண்டைக்கு வந்தார்கள்.
அன்றுதான் அவர் சிரித்துப் பார்த்தேன்.
அப்புறம் சைக்கிளில் கட்டிய குட்டி எஞ்சின்,
அப்புறம் மூன்று சக்கரம், அப்புறம் நாலு.
சிலிண்டர் குறையக் குறையச் சம்பளம் ஏறிற்றாம்.

என் அப்பா நாற்பத்து நாலில்
இதே ஊர் விமானத் தொழிற்சாலையில்
அமெரிக்கக்காரன் எஞ்சின்களை
மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தார்.
தேய்ந்த பேரிங் ஓடு ஒன்றை
டிபன் பாக்ஸில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார்.
உள்பக்கம் வெள்ளிப் பூச்சு.
என் கல்யாணச் செலவுக்கு அதை
அல்சூர் சேட்டுக் கடை வரைக்கும் தூக்கிப் போனார்.
சேட் தராசைத் தொடவே இல்லை.
அன்றிலிருந்து அது ரேஷன் கார்டு பறக்காமலிருக்க.

மறுநாள் செய்தித்தாளில் சுற்றி எடுத்துப் போனேன்.
யாருடையது என்று இசோமுரா கேட்கவில்லை.
ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார்.
நகத்தால் சுரண்டினார். முகர்ந்தார்.
"வெள்ளி" என்றார்.
"எங்களுக்கு அது நின்றுபோனது. பெட்ரோலும்தான்.
பள்ளிக்கூடப் பிள்ளைகள் பைன் மரத்தின் வேரைத்
தோண்டிக்கொண்டிருந்தார்கள், காய்ச்சி எடுக்க."
கொஞ்ச நேரம் மழை.
"என் டெஸ்ட் பெஞ்சில் நூறு மணி நேரம் ஓடியது.
மேலே போய் நின்றது."
"எத்தனை?" என்று கேட்டுவிட்டேன்.
படிவத்தில் அந்தக் கேள்வி இல்லை.
ஓட்டை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்,
இரண்டு கையாலும்.

பதினோராவதில் கடைசியாக அடித்தது:
எஞ்சின், நாற்பத்தைந்து வருடம்.
அதற்குப் பிறகும் புள்ளிகள் மீந்தன.
பதினாறாவது, வந்த நோக்கம்.
யோசிக்காமல் சொன்னார்: "ஆயில் லீக்."
உண்மைதான். கோலாரிலிருந்து தக்காளி ஏற்றிவரும்
எங்கள் வண்டிகள் நின்ற இடமெல்லாம்
மார்க்கெட் வாசலில் கறுப்பு வட்டம்.

இன்பன்ட்ரி ரோடு கமிஷனர் ஆபீஸில்
ரைட்டர் கண்ணாடியை ஏற்றிக் கேட்டார்:
"இது ஆளுக்கா, வண்டிக்கா?"
"வண்டிக்கு சார்."
முத்திரை விழுந்தது. ஆறு மாதம்.

கசிவு நிற்க ஒன்பது ஆயிற்று.
அடுத்த படிவம் வந்தபோது
பதினோராவதைக் காலியாக விடச் சொன்னார்.
காலியாக விட்டால் திருப்பி அனுப்புவார்கள்.
"பழையதைப் பார்க்கவும்" என்று அடித்தேன்.